ரசீதுக்குப் பதில் சூடம்

“சத்தியத்த நம்புனது தப்பா, ரசீது கேக்காதது தப்பா?”

எட்டாங்கட்டை மாரியம்மன் கோயில் பூசாரி பழனியப்பன், ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், கொடிமரத்தடியில் நின்று இப்படிக் கேட்டார். இதை எழுதுகிற நானும் அங்கே நின்றிருந்தேன். அன்று எனக்கு முழு விவரம் தெரியாது. அதன்பிறகு அவர் சொல்லக் கேட்டதையும் மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் கதை முழுதாகப் புரிந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் போகிற பழைய சாலையில் எட்டாவது மைலில் இருப்பதால் எட்டாங்கட்டை. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இப்போது இரண்டு தாமான் குடியிருப்பு, ஒரு பெட்ரோல் ஸ்டேஷன், நடுவில் கோயில். சிவகங்கைப் பக்கத்துப் பழனியப்பன் இந்தக் கோயிலுக்குப் பூசாரியாக வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வயது. ஊரில் பகலில் செங்கல் சூளைக்கு மினி லாரி ஓட்டுவார், மாலையில் குடும்பக் கோயிலில் பூசை வைப்பார். மனைவி மங்களம், ஒரு மகள்.

மலேசியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் மங்களம் முதலில் சம்மதிக்கவில்லை. காரணம் இருந்தது. பழனியப்பனின் அண்ணன் இதே நாட்டுக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்தவர். பெர்மிட் முடிந்தும் தங்கி, பிடிபட்டு, உள்ளே வைக்கப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்டவர். ஊரில் இன்றைக்கும் அவரைக் காட்டி, “அந்தா போறான் பாரு, புடிச்சு அனுப்புனவன்” என்றுதான் சொல்வார்கள். அவர் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம்கூட அந்தப் பேச்சால் நின்றுபோனது.

“நான் தேதிக்கு ஒரு நாள் மிஞ்ச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பழனியப்பன் விமானம் ஏறினார். சொன்னபடி மூன்று வருடம் நடந்தார். ஒவ்வொரு வருடமும் புதுப் பஞ்சாங்கம் வந்ததும், பெர்மிட் முடியும் தேதியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவார். ஊருக்கெல்லாம் நாள் பார்த்துச் சொல்பவர் தன் நாளைத் தவறவிடக்கூடாது என்பதில் அவருக்குப் பெரிய கவனம்.

ஆனால் பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை. கோயில் கமிட்டி அதை அம்மன் நகை வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தது. இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவர் பத்துமலையிடம், இன்னொன்று செயலாளர் ரூபனிடம். முந்தைய பூசாரிகளுக்கும் அப்படித்தானாம். பழனியப்பன் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாளின் ஒட்டியாணத்துக்குப் பக்கத்தில் தன் பாஸ்போர்ட் இருப்பதை அவர் ஒரு கௌரவமாகவே நினைத்தார். மங்களத்திடம் போனில் அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார்.

அவருடைய வேலையில் பாதி கார் பூசை. இங்கே புதுக் கார் எடுத்தால், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பிளேட் நம்பருக்குச் சந்தனம், பேனட்டில் மாலை, தேங்காய். போன மார்கழியில் ரூபன் புது மைவி கார் எடுத்து வந்தார். ஏர்கோன், அதாவது ஏ.சி., பொருத்தும் வேலை அவருக்கு. மூன்று வருடம் மோட்டார் சைக்கிளில் அலைந்து எடுத்த கார்.

“சாமி, நல்லா சுத்திப் போடுங்க. ஊர்க் கண்ணு பூரா இது மேலதான்.”

“கண்ணு இருக்கட்டும், நம்பர் என்னப்பா? நாலும் ஒத்தைப்படையா இருக்கே.”

“அதான் சாமி, ஞாயித்துக்கிழமை லாட்டரியில இந்த நம்பர் எடுக்கலாம்னு இருக்கேன். அடிச்சா உங்களுக்குப் பட்டு வேட்டி.”

“அடிக்கலன்னா?”

“பழைய வேட்டியே அழகாத்தான் இருக்கு, போங்க சாமி.”

இருவருக்கும் அப்படி ஒரு பழக்கம். வந்த புதிதில் ஊர் சுற்றிக் காட்டியது ரூபன். காய்ச்சல் என்றால் கிளினிக்குக் கூட்டிப் போனது ரூபன். அவர் மனைவி புனிதா சமைக்கிற ரசம் வாரம் இரண்டு முறை தூக்குச்சட்டியில் கோயிலுக்கு வந்துவிடும். பழனியப்பன் அவரைத் ‘தம்பி’ என்றார். சும்மா வாய்க்கு வந்த தம்பி இல்லை.

அன்று கார் பூசை முடிந்ததும், “தம்பி, தை பதினாலோட பெர்மிட் முடியுது” என்று ஞாபகப்படுத்தினார். ரூபன் அப்போதே தலைவரின் சாவியையும் வாங்கி, பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “கவலைய விடுங்க சாமி, என் வேலை.”

தை பதினாலு வந்தது. போனது. பாஸ்போர்ட் வரவில்லை.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்ததும், பழனியப்பன் ரூபனை நிறுத்தினார்.

“தம்பி, தேதி தாண்டி இருபது நாளாச்சு. பாஸ்போர்ட்டுல சாப் முத்திரை அடிச்சாங்களா இல்லையா?”

“இமிகிரேசன்ல குடுத்தாச்சு சாமி. அங்க ஆள் ஜாஸ்தி லா. இந்த வருசம் நாலஞ்சு மாசம் ஆகுமாம்.”

“அதுவரைக்கும் என் கையில என்ன இருக்கு?”

“நான் இருக்கேன்ல.”

பழனியப்பன் சிரித்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அண்ணன் முகம் வந்து வந்து போனது. அவர் கருவறைக்குள் போய், தட்டில் ஒரு கட்டிச் சூடம் வைத்து ஏற்றி, வெளியே கொண்டு வந்தார்.

“கோவிச்சுக்காதப்பா. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. குடுத்தாச்சுன்னு இதை அணைச்சுச் சொல்லிரு. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்.”

ரூபன் சூடத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுடர் மேல் அழுத்தினார்.

“குடுத்தாச்சு சாமி. ஆத்தா சத்தியமா.”

கையிலிருந்த கரியை ஜீன்சில் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். பழனியப்பன் அன்று நிம்மதியாகத் தூங்கினார். பூசாரி முன்னால், மாரியம்மன் முன்னால், சூடத்தை அணைத்து ஒருவன் பொய் சொல்வான் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் பூசாரியாகவே இருந்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் நடந்தன. அப்போது அவர் அவற்றைக் கவனிக்கவில்லை. பங்குனியில் புந்தோங்கில் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம். ரூபன்தான் கூட்டிப் போனார். வழியில் தூரத்தில் போலீஸ் ரோட் பிளாக் தெரிந்ததும், காரைச் சட்டென்று ஒரு சந்துக்குள் திருப்பினார்.

“ஏம்பா திரும்புற?”

“அந்தப் பக்கம் ஜாம் சாமி.”

“ரோடு காலியாத்தானே கெடக்கு?”

“போன்ல சேப்பா காட்டுது சாமி. உங்க கண்ணுக்குத் தெரியாது.”

“அட, என் கண்ணுக்குத் தெரியாத ஜாமா!” என்று பழனியப்பன் சிரித்தார். ரூபனும் சிரித்தார்.

ஆனியில் துளசி வந்தாள். குனோங் ராபாட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். ஸ்கூலுக்கு வாங்கிய பழைய கார் ஒன்றுக்குப் பூசை போட வந்திருந்தாள். பூசை முடிந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டிய காரை அவள் பின்னால் நகர்த்திவிட்டாள்.

“முன்னாடிம்மா, முன்னாடி! கியர் மாறிப்போச்சு பாரு.”

“ஐயோ, சாமிக்கு ஓட்டத் தெரியுமா?”

“ஊருல மினி லாரி ஓட்டுனவன்மா நான். இங்க வந்த முதல் வருசம், ஊருல எடுத்த சர்வதேச பெர்மிட்ட வச்சுக் கோயில் காரை ஓட்டுனேன். அது முடிஞ்சதும் விட்டுட்டேன். லைசன் இல்லாம வண்டியத் தொட மாட்டேன்.”

“அப்ப இங்க லைசன் எடுங்க. சாவு வீட்டுக்கெல்லாம் எத்தனை நாளைக்கு யார் வருவான்னு ரோட்டுல நிப்பீங்க? நானே சொல்லித் தாரேன். பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வாங்க. பெர்மிட் எந்தத் தேதி வரைக்கும்னு பாத்துத்தான் பதியணும்.”

“பாஸ்போர்ட் இமிகிரேசன்ல இருக்கும்மா. குடுத்து ஆறு மாசம் ஆச்சு.”

“குடுத்ததுக்கு ரசீது இருக்குமே. அதையாவது காட்டுங்க.”

“ரசீதெல்லாம் வாங்கல. ரூபன் தம்பி சூடம் அணைச்சுச் சொல்லிட்டாரு.”

துளசி சத்தமாகச் சிரித்தாள். பழனியப்பன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“சாமி, நான் தினமும் நாலு பேர் பாஸ்போர்ட்டப் பாக்குறேன். ஆறு மாசம் யாருக்கும் சும்மா வச்சிருக்க மாட்டாங்க. குடுத்தா ஒரு காகிதமாவது கையில இருக்கும். அந்தக் காகிதத்தக் கேளுங்க.”

அன்று மாலையே கேட்டார். ரூபனுக்கு முகம் சுண்டிவிட்டது.

“சூடம் அணைச்சேன்ல? அதுக்கு மேல என்ன சாமி வேணும்? யாரோ ஒரு பொண்ணு சொன்னான்னு என்னைச் சந்தேகப்படுறீங்க.”

பழனியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. “இல்லப்பா, தப்புதான்” என்று அவர்தான் மன்னிப்புக் கேட்டார். “திருவிழா முடியட்டும், நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்” என்றார் ரூபன்.

திருவிழா பத்து நாள். கொடியேற்றத்திலிருந்து தீமிதி வரை பழனியப்பன் உட்காரவில்லை. கரகம் அவர் தலையில். காப்புக் கட்டியது நூற்றுச் சொச்சம் பேருக்கு. தொண்டை கட்டிப் போய், கடைசி நாள் மந்திரம் காற்றாகத்தான் வந்தது. இதுவரை இப்படி ஒரு திருவிழா நடந்ததில்லை என்று தலைவர் பத்துமலை மைக்கில் பேசினார். பொன்னாடை போர்த்தினார்.

மறுநாள் காலை கொடி இறக்கினார்கள். இறக்கிய கையோடு தலைவரின் கார் வந்தது. பின் சீட்டிலிருந்து ஓர் இளைஞர் நெற்றி நிறைய விபூதியோடு, பெட்டியோடு இறங்கினார்.

“பூசாரி, இவருதான் இனிமே பாத்துக்குவாரு” என்றார் பத்துமலை. “உங்களுக்கு நாளைக்கு டிக்கெட் போட்டாச்சு.”

ரூபன் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். பிரசாதம் போடுகிற பை. உள்ளே பாஸ்போர்ட். பழனியப்பன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசியாக இருந்தது பழைய பெர்மிட்தான். தை பதினாலுக்குச் சரியான இங்கிலீஷ் தேதியோடு அது முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைப் பக்கம். கொடுக்கவே இல்லை.

“தலைவரே, ஆறு மாசத்துக்கு மேல நான் இங்க கள்ளத்தனமா இருந்திருக்கேன்.”

“கமிட்டியில ரெண்டு கோஷ்டி அடிச்சிக்கிட்டது உங்களுக்கே தெரியும். யாரு உண்மையான கமிட்டின்னு பதிவு முடியாம, யாரு இமிகிரேசன் சூராட் கடுதாசியில கையெழுத்துப் போடுறது? இப்பத்தான் எல்லாம் சரியாச்சு. அதுக்குள்ள உங்க பெர்மிட் கெட்டுப்போச்சு. புதுசா ஆள் எடுக்கறதுதான் சுலபம்.”

“தையிலயே சொல்லியிருந்தா, அன்னைக்கே ஊருக்குப் போயிருப்பேனே.”

“அதான் சொல்லல. நீங்க போயிட்டா திருவிழாவ யாரு நடத்துறது? பந்தல்காரனா?”

யாரோ ஒருவர் சிரித்தார். பழனியப்பன் ரூபனைப் பார்த்தார். ரூபன் கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதையே பிரித்து மறுபடி சுருட்டினார்.

“தம்பி, அந்தச் சூடம்?”

“ஒரு வாரத்துல சரியாயிடும்னு நெனச்சேன் சாமி. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

வெள்ளிதோறும் பூக் கொண்டு வரும் மாரியம்மா தலைகுனிந்து நின்றார். முதல் பிரசாதம் எப்போதும் அவருக்குத்தான். “எனக்குச் சித்திரையிலயே தெரியும் சாமி” என்றார் மெதுவாக. “எல்லாருக்கும் தெரியும். திருவிழா நின்னுரக் கூடாதுன்னு...”

கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார் பழனியப்பன். காப்புக் கட்டிவிட்ட கைகள். அவர் சுற்றிப் போட்ட கார்கள் வெளியே வரிசையாக நின்றன. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். சத்தியத்தை நம்பியது தப்பா, ரசீது கேட்காதது தப்பா?

பத்துமலை பேச்சை மாற்றினார். “ஏர்போர்ட்ல கேட்டா, பாஸ்போர்ட் தொலைஞ்சிருச்சு, இப்பத்தான் கெடைச்சதுன்னு சொல்லிருங்க. விட்டுருவாங்க.”

“நீங்க சொன்ன பொய் போதும் தலைவரே. நான் ஒண்ணு சேத்துச் சொல்ல வேணாம்.”

அந்த டிக்கெட்டை அவர் தொடவில்லை. இரண்டு வேட்டி, பஞ்சாங்கம், பாஸ்போர்ட். அவ்வளவையும் எடுத்துக்கொண்டு துளசிக்குப் போன் போட்டார். அவள் அப்பாவோடு வந்து குனோங் ராபாட் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

துளசி ஒரு வக்கீலிடம் விசாரித்துச் சொன்னாள். “ஓடி ஒளிஞ்சா மாட்டுவீங்க. நீங்களா இமிகிரேசனுக்குப் போய் உண்மையச் சொல்லணும். உங்கள எடுத்த கோயில் ஆளு கூட வந்து, தப்பு எங்க மேலதான்னு எழுதிக் குடுத்தா, பேர் கெடாம ஊருக்குப் போக வழி இருக்கலாமாம். தனியாப் போனா, நீங்க தங்குன கணக்குத்தான் நிக்கும். திரும்ப வரவும் தடை போட்டுருவாங்க.”

அப்படியென்றால் ரூபன் வரவேண்டும். வேறு வழியில்லை. பழனியப்பன் எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ரூபனே வந்தார். புனிதா கூட இருந்தாள். மைவியின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. சிக்னலில் நின்றபோது ஒரு லாரி வந்து இடித்ததாம். யாருக்கும் அடியில்லை.

“பூசை போட்ட கார் சாமி” என்றாள் புனிதா. அழுதிருக்கிறாள். “சத்தியம் பண்ணத நேத்துத்தான் என்கிட்ட சொல்றாரு. பிள்ளைங்க இருக்கு. அந்தச் சத்தியத்த எடுத்து விட்டுருங்க. உங்க முன்னால பண்ணது, நீங்கதான் எடுக்கணும்.”

அப்படி ஒரு வழக்கம் உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவர் அதே பூசாரியிடம் வந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, தலையைச் சுற்றி, சத்தியத்தை இறக்கச் சொல்வார்கள். ரூபன் பழத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பழனியப்பன் அதை வாங்கவில்லை. “வெள்ளிக்கிழமை ஒம்பது மணிக்கு இமிகிரேசன் ஆபீசுக்கு வா தம்பி. நடந்தத நடந்தபடி சொல்லு. அங்கயே, அந்தப் பெஞ்சிலயே இந்தப் பழத்த அறுத்து விடுறேன். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஆத்தாகிட்ட நானே சொல்லிருவேன்.”

“வாரேன் சாமி.”

“சூடம் வேணாம். வந்தாப் போதும்.”

“கண்டிப்பா வாரேன் லா சாமி” என்றார் ரூபன். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் உண்மைதான் என்று துளசி இன்றும் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே பழனியப்பன் போய்விட்டார். நம்பர் எடுத்து, வாசல் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்தார். பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ரூபன் மறந்து வந்துவிட்டால் என்று அவரே வாங்கியது. ஒன்பது ஆனது. பத்து ஆனது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். துளசி போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது, ரூபன் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது: ‘கமிட்டி வேணாம்னு சொல்லிருச்சு சாமி. கோயில் பேர் கெட்டுப்போயிடுமாம். மன்னிச்சுக்கங்க.’

துளசி அதை வாசித்துக் காட்டினாள். அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

நம்பர் கூப்பிட்டார்கள். பதினொன்றே முக்கால். ராகுகாலம். எத்தனையோ பேரை அந்த நேரத்தில் வாசற்படி தாண்ட வேண்டாம் என்று நிறுத்திவைத்தவர், எழுந்து கவுண்டருக்குப் போனார். துளசி மலாய் மொழியில் எடுத்துச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். உங்களை எடுத்தவர் எங்கே, ஏன் வரவில்லை என்று கேட்டார்.

“வாரேன்னு சொன்னாரு” என்றார் பழனியப்பன். கண்ணாடிக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “வரமாட்டாரு” என்றார்.

தானாக வந்ததால் பிடித்து வைக்கவில்லை. அபராதம், ஏழு நாளில் கிளம்ப வேண்டும், சில வருடங்களுக்கு இந்த நாட்டுக்குள் வர முடியாது. சாப் அடித்துக் கொடுத்தார்கள். மை காயும்வரை பழனியப்பன் அந்தப் பக்கத்தைத் திறந்தே பிடித்திருந்தார்.

“அண்ணனுக்கு அடிச்ச அதே சாப்.”

“நீங்களா வந்தீங்க சாமி. அது வேற, இது வேற.”

“இங்க வேறம்மா. என் ஊருல எல்லாம் ஒண்ணுதான்.”

ஏழாவது நாள் அவர் போய்விட்டார். அந்த எலுமிச்சம்பழம் அறுபடாமல் துளசி வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் காய்ந்து கிடந்தது. ரூபன் இப்போதும் செயலாளர்தான். புதுப் பூசாரியின் பாஸ்போர்ட் அதே பெட்டியில், ஒட்டியாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய பூசாரி எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், “லீவுல போயிருக்காரு” என்கிறார்கள்.

அவர் லீவில் போகவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருந்தது. உங்கள் ஊர்க் கோயிலிலோ, முடிவெட்டும் கடையிலோ, சாப்பாட்டுக் கடையிலோ, கடல் தாண்டி வந்த ஒருவர் இருப்பார். வாசிக்க நேரமில்லாதவராக இருந்தால், இந்தக் கதையை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது, தேதி என்ன, கொடுத்ததற்குக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் “சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க” என்று சொன்னால், எட்டாங்கட்டைப் பழனியப்பனைப் பற்றி மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்.